குதிரை மசால் விதையில லாபமா? லோன் எடுக்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

சென்னையில ஐடி வேலை பார்க்கிற நம்ம சேனல் நண்பர் ஒருத்தருக்கு ஊர் வேடசந்தூர் பக்கம். "அண்ணே, பர்சனல் லோன் 2 லட்சம் எடுத்து, அப்பா நிலத்துல குதிரை மசால் போட்டு விதை விக்கலாம்னு இருக்கேன்"னு கேட்டார். விதைப் பையில போட்டிருந்த மகசூலை வச்சு எக்செல்ல கணக்கும் ரெடி.

சிக்கலே அங்கதான். பையில இருந்தது பசுந்தீவன மகசூல். விதை மகசூல் வேற விஷயம். தீவன ரகங்களை இலைக்காகத்தான் தேர்வு பண்றாங்க. நல்லா தழையுற ரகம் நிறைய விதை தரும்னு சொல்லவே முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 1, குஜராத்தோட ஆனந்த் 2 ரெண்டும் குதிரை மசால்தான். ஆனா ஒரு ரகத்தோட நம்பரை இன்னொண்ணுக்கு அப்படியே போட முடியாது.

இன்னொண்ணு, தேனீ. இந்தப் பூவுல மகரந்தத் தண்டு ஸ்பிரிங் மாதிரி இறுகி இருக்கும். தேனீ உட்கார்ந்து அதை விடுவிச்சாத்தான் காய் நல்லா பிடிக்கும். நம்ம தேனீ கெட்டிக்காரத்தனமா பக்கவாட்டுல தேனை மட்டும் உறிஞ்சிட்டுப் போயிடும்! அமெரிக்காவுல இதுக்குன்னே இலைவெட்டித் தேனீயை வளர்க்கிறாங்க. வறண்ட காத்து விதைக்கு நல்லது, அந்த வகையில வேடசந்தூருக்கு பிளஸ். காய் முத்துற நேரம் ஐப்பசி மழையில மாட்டினா போச்சு.

இப்ப கேஷ் ஃப்ளோ. தீவனத்துக்குன்னா விதைச்ச 75-80 நாள்ல முதல் அறுப்பு, அப்புறம் 21-25 நாளுக்கு ஒருதடவை. விதைக்கு விட்டா, பூத்து, சுருள் காய் பழுப்பாகுற வரை அறுக்கவே கூடாது. அத்தனை மாசமும் மாட்டுக்குத் தீவனம் வெளியில வாங்கணும். இஎம்ஐ மட்டும் அடுத்த மாசமே வந்து நிக்கும். அவர் எக்செல்ல இந்த ரெண்டு வரியுமே இல்ல.

அம்மையார் கூந்தல் களை விதை கலந்துட்டா விதைச் சான்று கிடைக்கிறதும் கஷ்டம்.

வேலி மசால் தானே மகரந்தச் சேர்க்கை பண்ணிக்கும், தேனீக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனா காய் வெடிச்சுக் கொட்டும், ஒரே நேரத்துல முத்தாது. ஆள் விட்டுப் பறிக்கணும், கூலி ஏறும்.

நண்பர் லோனை நிறுத்திட்டார். 5 சென்ட்ல மட்டும் சொந்தக் காசுல குதிரை மசால் போட்டிருக்கார். பூ விட்டதும் தேனீ வருதான்னு பார்த்து அப்பா போன் பண்றதா சொல்லியிருக்காராம்.