ஆசிரியர் மனநிறைவும் அதிபரின் நிருவாகத் திறனும்

கிராமப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியர் ஓரிரு வருடங்களில் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டால், நட்டப்படுவது எமது பிள்ளைகளே. கனமூலை, மதுரங்குளி போன்ற புத்தளக் கரையோர ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. காணியையும் வயலையும் இழந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய முதுசம் கல்வி ஒன்றுதான். ஆகவே, ஆசிரியர் ஏன் மனம் சலித்துப் போகிறார் என்பதை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

தூரம், போக்குவரத்து, சம்பளம் என்பன வழமையாகச் சொல்லப்படும் காரணங்கள். இவை பொய்யல்ல. 2021ஆம் ஆண்டு யூலையில் எமது நாட்டு ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராடினார்கள். ஆனால் சம்பளத்தைத் தீர்மானிப்பது அரசாங்கம். பாடசாலைக்குள்ளே அன்றாடம் நடப்பதைத் தீர்மானிப்பவர் அதிபர். ஆசிரியரின் மனநிறைவில் இதற்கும் பெரும் பங்குண்டு.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். தொழிலில் மனக்குறையை உண்டாக்கும் காரணிகள் வேறு, மனநிறைவைத் தரும் காரணிகள் வேறு என்பதே அது. சம்பளம், மேற்பார்வை, நிருவாக நடைமுறை ஆகியன சீர்கெட்டால் மனக்குறை வளரும். அவற்றைச் சீராக்கினால் குறை தீரும். ஆயினும் அதனால் மட்டும் நிறைவு வந்துவிடாது. செய்த வேலை பலன் தருவது, அதைப் பிறர் மதிப்பது, பொறுப்புக் கிடைப்பது ஆகியவையே நிறைவைத் தருகின்றன. 1967இல் தோமஸ் சேர்ஜியோவானி ஆசிரியர்களிடையே நடத்திய ஆய்வும் பெரும்பாலும் இதே முடிவைக் கண்டது. பல நாடுகளில் 2013இல் நடத்தப்பட்ட ஆசிரியர் பற்றிய சர்வதேச ஆய்வொன்றும், பாடசாலைத் தீர்மானங்களில் பங்குபற்றும் ஆசிரியர்களிடம் தொழில் மனநிறைவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

குளத்து நீரில் வயல் செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது வட்ட விதானையின் கையில் இல்லை. இருக்கும் நீரை முறைப்படி பங்கிடுவது அவர் பொறுப்பு. பங்கீடு நேர்மையாக இருந்தால் குறைந்த நீரிலும் சண்டையின்றி வெள்ளாமை செய்யலாம். அதிபரின் நிலையும் இத்தகையதே.

அதிபர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, நேர்மையான வேலைப் பங்கீடு. நேரசூசியில் ஒருவருக்கு அதிக பாடவேளைகளும் மற்றொருவருக்குக் குறைந்த பாடவேளைகளும் காரணமின்றி ஒதுக்கப்பட்டால், அங்கேதான் கசப்பு முளைக்கிறது. லீவு அனுமதிப்பதிலும் இதே நிலைதான். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கலந்தாலோசித்தல். முடிவெடுத்த பின் அறிவிப்பதற்காக மட்டும் ஆசிரியர் கூட்டம் கூட்டுவதில் பயனில்லை. முடிவுக்கு முன்பே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பாராட்டும் திருத்தமும். பாராட்டைப் பலர் முன்னிலையிலும் பிழையைத் தனிமையிலும் சொல்வது நல்ல அதிபரின் வழக்கம். மாணவர் முன்னால் கண்டிக்கப்பட்ட ஆசிரியர் அந்த வகுப்பில் மீண்டும் தலைநிமிர்ந்து நிற்பது கடினம்.

நான்காவது, அலுவலக வேலைகளில் ஒழுங்கு. சம்பள ஏற்றப் படிவம், இடமாற்ற விண்ணப்பம் போன்றவை மேசையில் தேங்கிக் கிடந்தால் ஆசிரியரின் குடும்பமே பாதிக்கப்படும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களில் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்தில் தஞ்சமடைந்தபோது, பிள்ளைகள் கிடுகுக் கொட்டில்களிலும், உள்ளூர்ப் பாடசாலைகளில் பிற்பகல் வேளையிலும் கற்றார்கள். ஒரே வாங்கையும் ஒரே கரும்பலகையையும் இரு சாரார் பகிர வேண்டியிருந்தது. இத்தகைய நெருக்கடியில் பாடசாலை நடப்பதற்குக் கட்டடத்தை விட நிருவாகமே முக்கியம். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். திரும்பிய ஊரிலும் தங்கிய ஊரிலும் இந்த உண்மை மாறாது.

பெற்றோரின் பங்கு

அதிபரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஆளணிப் பற்றாக்குறைக்கு மத்தியில், வலயக் கல்வி அலுவலகத்தின் கட்டளைகளுக்கும் பெற்றோரின் எதிர்பார்ப்புக்கும் நடுவில் அவர் நிற்கிறார். முறையான முகாமைத்துவப் பயிற்சி அவருக்கும் தேவை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கு இடமுண்டு. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் திட்டமிடுதலில் பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடமளித்தது. இதனைப் பயன்படுத்துவோம். கூட்டத்துக்குத் தவறாது செல்வோம். கட்டடமும் மதிலும் பற்றி மட்டும் பேசாமல், புதிய ஆசிரியருக்குத் தங்குமிடம் கிடைத்ததா, பஸ் நேரத்துக்கும் பாடசாலை நேரத்துக்கும் பொருத்தம் உண்டா என்றும் கேட்போம். நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு நன்றி சொல்வோம். ஆசிரியரைப் பற்றிய முறைப்பாட்டைத் தெருவில் பேசாமல் அதிபரிடம் நேரில் சொல்வோம்.

மதிக்கப்படும் இடத்தை விட்டுப் போக எவருக்கும் எளிதில் மனம் வராது. அத்தகைய இடமாக எமது பாடசாலையை ஆக்குவது அதிபரதும் எமதும் கூட்டுப் பொறுப்பாகும்.