லெபாங் சரிவில் ஒரு தறிக்கூடம்

டார்ஜிலிங்கிலிருந்து லெபாங் பக்கம் இறங்கும் மலைச்சரிவில் இருக்கிறது திபெத்திய அகதிகள் சுய உதவி மையம். பழைய சைக்கிள் சக்கரத்தை மரச்சட்டத்தில் மாட்டி ராட்டையாக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து ஆட்டு ரோமத்தை நூலாக இழுப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். 'அமா-லா' என்று அழைக்க வேண்டும். அமா என்றால் அம்மா, 'லா' மரியாதைக்கு.

1959 மார்ச்சில் திபெத்தின் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்ததும் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்தார். அவர் பின்னாலேயே பல்லாயிரம் பேர் பனிக்கணவாய்களைக் கடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று இந்த மையம் தொடங்கியது. 1910இல் சீனப் படையிடமிருந்து தப்பி டார்ஜிலிங் வந்த 13ஆம் தலாய் லாமா தங்கிய இடம் இது என்பதால், அவர்களுக்கு இது வெறும் நிலமல்ல.

ஊட்டியில் திபெத்தியர் விற்கும் ஸ்வெட்டரை நமக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி லூதியானா ஆலைச் சரக்கு. உழைத்துப் பிழைக்கும் பிழைப்புதான் அதுவும். ஆனால் இந்த மையத்தின் தறியில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். செங்குத்தான தறியில் பாவு இழைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி. நூலை இழைகளுக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் எடுத்து, கம்பியையும் சேர்த்துச் சுற்றுகிறார்கள். வரிசை முடிந்ததும் தட்டி இறுக்கிவிட்டு, கம்பியை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் வளையங்கள் அறுந்து, ரோமம் பூப்போல மலர்கிறது. கம்பியின் பருமனைப் பொறுத்ததுதான் ரோமத்தின் உயரம். பாரசீகத் தறியில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு அறுப்பார்கள்; கம்பிமுறை திபெத்தியர் கை அடையாளம்.

திபெத்தில் இருந்தவரை இது பெரும்பாலும் வீட்டுத் தேவைக்கு நெய்தது: உட்கார, படுக்க, குதிரைச் சேணத்தின் அடியில் விரிக்க. வீடும் மந்தையும் போன பிறகு, கையில் மிஞ்சிய இந்த வித்தைதான் சோறு போட்டது.

இந்த அமா-லாக்களின் பேரப்பிள்ளைகள் படித்துவிட்டு டெல்லிக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். தறிக்கு ஆள் குறைகிறதே என்று வருத்தம் வந்தாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகதியாக வந்த பாட்டி, விரல் காய்த்துப் போக நெய்தது அவர்கள் படிக்கத்தானே!

டார்ஜிலிங் போனால் டைகர் ஹில் சூரிய உதயத்தோடு திரும்பிவிடாதீர்கள். இங்கே வந்து ஒரு கம்பளத்துக்குச் சொல்லிவையுங்கள். கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு வரிசைக்கும் அந்தக் கம்பியை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டுமே.