புளிமாவும் ரொட்டி யந்திரமும்

தஞ்சாவூர்ப் பாதை திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிகிற விக்கிரவாண்டியில், இட்லிக்கு மாவாட்டி வைத்துவிட்டு, சித்திரை வெக்கையில் அது பொங்கி வழிந்துவிடுமோ என்று பாத்திரத்தின் அடியில் ஒரு தாம்பாளத்தையும் வைத்துப் படுக்கப் போகும் குடும்பஸ்திரீக்கு, ஐரோப்பியர் சவர்டோ என்று பெருமையோடு சொல்லும் புளிமாவு ரொட்டியின் மூல ரகசியத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. அந்த ரொட்டியும் இன்று அவளுக்கு அந்நியமன்று. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரம்பமான ஆரோவில் என்னும் சர்வதேச நகரம் பெரும்பாலும் அவளுடைய விழுப்புரம் ஜில்லாவின் வானூர் வட்டத்திலேயே இருக்கிறது, அதன் பேக்கரியும் குயிலாப்பாளையத்தில்தான்.

கோதுமை மாவையும் நீரையும் சம எடையாகக் குழைத்து மூடி வைத்து, தினமும் பாதியைக் களைந்து புது மாவும் நீரும் ஊட்டி வந்தால், தானியத்தோடு வந்த காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் ஒரு வார காலத்தில் அதில் ஸ்திரமாகக் குடியேறிவிடுகின்றன. இதுவே உறைமாவு. இட்லி மாவில் எழும் வாயுவை உளுந்தின் பிசுபிசுப்பு பிடித்துக்கொள்வது போல, இங்கே கோதுமையின் குளூட்டன் பிடித்துக்கொள்கிறது.

இந்த மாவைப் பிசைந்து சுட உதவும் ரொட்டி யந்திரம் வந்தது ஜப்பானிலிருந்து. மாட்சுஷிடா கம்பெனியார் 1987-இல் வீட்டு ரொட்டி யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவருமுன், அவர்களைச் சேர்ந்த இகுகோ தனாகா என்ற அம்மையார், ஒஸாகா இண்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் பயின்று, அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கண்டறிந்தாராம். ஆனால் கை வேலையைக் கற்ற அந்த யந்திரம் பொறுமையைக் கற்கவில்லை. கடை ஈஸ்ட்டை உத்தேசித்து மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது அதன் சுபாவம். கிரைண்டர் வந்த காலத்தில் அது மாவைப் புளிக்கவும் வைக்குமென்று நம்மில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லையே, இதனிடம் மட்டும் ஏன் அந்த ஆசை?

ஆகவே 400 கிராம் மைதா, நன்கு பொங்கிய 150 கிராம் உறைமாவு, 230 மில்லி நீர், 8 கிராம் உப்பு இவற்றை இட்டு, பிசையும் திட்டத்தை மாத்திரம் ஓட்டி, துடுப்பை எடுத்துவிட்டு, யந்திரத்தை நிறுத்தி அப்படியே விட்டுவிட வேண்டும். நம் ஊர் உஷ்ணத்தில் நாலைந்து மணி, மார்கழியில் அதற்கும் மேல். கோடையில் குளிர்ந்த நீர் விடுவது உத்தமம். கடிகாரத்தை நம்பாமல், மாவு ஏறத்தாழ இரட்டித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே, சுடுவதற்கென்று தனியே உள்ள திட்டத்தை ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

மூலிகைக்கு ரோஸ்மேரியைத் தேடி அலைவானேன்? கொல்லையில் கற்பூரவல்லி இருக்கிறது, அஞ்சறைப் பெட்டியில் ஓமம் இருக்கிறது. ஆனால் அளவு முக்கியம். இவ்விரண்டின் வாசனைக்கும் காரணமான தைமால், கார்வக்ரால் என்னும் பொருள்கள் நுண்ணுயிர்களை அடக்கும் சக்தி வாய்ந்தவை. அள்ளிப் போட்டால் ரொட்டியை எழுப்ப வேண்டிய ஈஸ்ட்டே சோர்ந்துவிடும். நிழலில் உலர்த்தி நொறுக்கிய இலை ஒரு தேக்கரண்டியும் ஓமம் அரைத் தேக்கரண்டியும் போதும். அவற்றையும் பிசைந்து முடியும் தறுவாயில் தூவினால் இலை கூழாகி மாவு பச்சை நிறங்கொள்ளாது.

வெந்ததைச் சுடச்சுட அறுக்கும் சபலம் எனக்கும் உண்டு. அறுத்தால் உள்ளே களி போல ஒட்டும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, விழுப்புரத்து வேர்க்கடலைச் சட்னியோடு தின்று பாருங்கள். வெண்ணெயை நான் மறந்து வெகு நாளாகிறது.