யாழினி என்று கூப்பிடுங்கள், பார்க்கலாம்

பெண் குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடும் வீடுகளில் இப்போது தவறாமல் அடிபடும் பெயர் யாழினி. யாழிசை, யாழ்மொழி எல்லாம் அடுத்த வரிசை. யாழைப் போல இனியவள் என்று பொருள் சொல்கிறார்கள். சரி, அந்த யாழைக் கேட்டவர் யார்?

வில்லாக வளைந்த கோடு, தோல் போர்த்த பத்தர், இழுத்துக் கட்டிய நரம்புகள். வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது; ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. வீணை வந்து உட்கார்ந்ததும் யாழ் எழுந்து போய்விட்டது. 1947இல் விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ வெளியானபோது, பழைய பாடல்களையும் கணக்கையும் வைத்துத்தான் அந்தக் கருவியை அவர் மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

வேதாரண்யத்து அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியம்மை. அவள் குரலைக் கேட்டு வெட்கப்பட்ட சரஸ்வதி, அந்தக் கோயிலில் வீணையை விட்டுவிட்டுச் சுவடியோடு இருக்கிறாள் என்பது தலக்கதை. அம்மன் பெயரில் யாழ், கதையில் வீணை! இடம் கைமாறியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கருவி போனதுகூடப் பரவாயில்லை. எனக்குக் கவலையெல்லாம் அந்த ‘ழ’ பற்றித்தான். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரைத் தெற்கத்திப் பேச்சு ‘யாளினி’ ஆக்குகிறது. நாக்கை மடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு அவள் ‘யாலினி’. பாஸ்போர்ட்டில் இசட், எச் இரண்டையும் சேர்த்து எழுதினால், வெளிமாநிலத்து அதிகாரி ‘யாசினி’ என்று கூப்பிடுகிறார்; குழந்தை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேச்சில் ‘ழ’ திரிவது பழைய சங்கதி, இதற்குப் போய் அலட்டிக்கொள்வானேன் என்று மொழியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ‘பழம்’ பளமானால் தின்ன முடியும். பெயர் அப்படியா? அந்த ஓர் எழுத்துக்காகத்தானே ஆயிரம் பெயர்களைத் தள்ளிவிட்டு இதை எடுத்தோம்!

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் வேடிக்கை. பார்வையற்ற பாணர் ஒருவர் யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற நிலம் என்று ஊர்ப்பெயருக்கே கதை வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பேச்சில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றுதான். மகள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, வம்பே வேண்டாம் என்று பலர் எல் போட்டுவிடுகிறார்கள்.