சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு வேண்டியது தண்ணீர்

புதிதாகக் கட்டிய கான்கிரீட் தொட்டியில் முதல்முறை தண்ணீர் நிரப்பினால், வெளிச்சுவரில் மயிரிழை போல ஈரக்கோடு தெரிவதுண்டு. அனுபவப்பட்ட மேஸ்திரி உடனே பூசச் சொல்ல மாட்டார். “ரொப்பியே வைங்க, தானா அடைச்சுக்கும்” என்பார். பல நேரம் அப்படியே நடக்கும். சில வாரங்களில் கசிவு நின்று, கோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்.

சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருட்கள் உருவாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடிக்கும் பசை. கலவையின் பலமெல்லாம் இதில்தான் இருக்கிறது. இன்னொன்று நீர்த்த சுண்ணாம்பு. இது பலத்துக்குப் பெரிதாக உதவாது, தண்ணீரில் கரையவும் செய்யும். விரிசலுக்குள் தண்ணீர் போகும்போது இந்தச் சுண்ணாம்பு கரைந்து, கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்குகிறது. அதுவரை தண்ணீர் படாமல் கிடந்த சிமென்ட் துகள்களும் அப்போது விழித்துக்கொண்டு புதிதாகப் பசை விடுகின்றன.

அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடிக்கப்படும் உலர் சாம்பலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அதன் துகள்கள் கண்ணாடித் தன்மை கொண்ட நுண் உருண்டைகள், பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். அவை அந்த நீர்த்த சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு, அதையும் பசையாக மாற்றுகின்றன. இரும்பாலைக் கசடும் பசை உண்டாக்கும். உருகிய கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்தால் அதற்குச் சிமென்ட் குணம் வந்துவிடுகிறது என்பதை 1862-இல் ஜெர்மனியின் எமில் லாங்கன் கண்டறிந்தார். இந்தியத் தரக்குறியீடுகளின்படி பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். கசடு சிமென்ட்டில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு இருக்கலாம். இன்று வீடு கட்டுபவர்கள் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பி.பி.சி.தான்.

சாம்பல் சுண்ணாம்போடு சேரும் வினை மெதுவாக நடப்பது. ஏழாம் நாள் சோதனைக் கட்டியை உடைத்துப் பார்த்தால் சாதா சிமென்ட்டைவிட பலம் குறைவாகவே காட்டும். 28-ஆம் நாளில் நெருங்கி வரும். நன்றாக நனைத்து வைத்திருந்தால் 90-ஆம் நாளில் பெரும்பாலும் முந்திவிடும். உள்ளே நுண்துளைகள் சுருங்குவதால் உப்பு நுழைவது குறைகிறது. கடலோரக் கட்டடங்களில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இதுவே பெரிய காப்பு.

குறையும் உண்டு. சாம்பல் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறைகிறது. சரியாக நனைக்காமல், கம்பிக்கு மேல் கான்கிரீட் கவரும் குறைவாக விட்டால் காற்றிலுள்ள கரியமில வாயு சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். சுண்ணாம்பு குறைந்தால் வெள்ளைப் படிவும் குறையும். ஆனால் வினைபுரியாமல் மிச்சமிருக்கும் சாம்பல், மாதங்கள் கழித்தும் விரிசலில் பசை விடும். பிந்தி வரும் விரிசல்களுக்கு இது பெரிய லாபம்.

விரிசல் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தே இதெல்லாம் நடக்கும். 0.1 மி.மீ. அளவில் இருந்தால் அடைபட நல்ல வாய்ப்பு உண்டு, 0.3 மி.மீ. தாண்டினால் தானாக மூடும் என்று நம்பக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் லீ இதை வேறு வழியில் அணுகினார். நார்களும் நிறையச் சாம்பலும் சேர்த்து, ஒரு பெரிய விரிசலுக்குப் பதில் ஏறக்குறைய 0.06 மி.மீ. அகலத்தில் பல சிறு விரிசல்கள் மட்டுமே விழும் கலவையை உருவாக்கினார். அவ்வளவு சிறியவை நனைந்து காய்ந்து வரும்போதே அடைபட்டுவிடும்.

“சாம்பல் சிமென்ட்ல பலம் இல்ல” என்ற பேச்சு கட்டுமான இடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. என் கணிப்பில் பழி பெரும்பாலும் தண்ணீர் விடாததன் மேல்தான் விழ வேண்டும். இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்கச் சொல்கிறது. கலப்பு சிமென்ட்டுக்கு அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்கிறது. காலையில் ஒருமுறை ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் நிறுத்திவிட்டால் அந்த மெதுவான வினை பாதியிலேயே நின்றுபோகும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். பூச்சு வெளுத்துக் காய விடாதீர்கள்.

சாம்பல் குட்டையிலிருந்து அள்ளிய ஈரச்சாம்பலை சிமென்ட்டுக்குப் பதிலாகக் கலவையில் கொட்டுவது வேறு கதை. அது கரடுமுரடானது, தரமும் சீராக இராது. சென்ட்ரிங் பிரிக்கும் நாளிலும் கவனம் தேவை. விதிநூலில் உள்ள கணக்கு சாதா சிமென்ட்டுக்கானது. பி.பி.சி. போட்ட தளத்துக்கு முட்டு எடுக்கும் நாளைப் பொறியாளரிடம் கேட்டுத் தள்ளிவையுங்கள்.