கொள்ளும் சின்ன வெங்காயமும்

கொங்கு நாட்டில் விருந்தினருக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்து பரிமாறக் கூசும் வீடுகள் இன்று பல. அது குதிரைத் தானியம். உண்டால் வயிறு உப்பும் என்பர். வயிறு உப்புவது மெய்யே. எனினும் அங்கத்தினர்கள் அதன் காரணத்தை அறிந்துகொண்டால் கொள்ளைத் தள்ள மாட்டார்கள்.

கொள்ளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரை வகைகள் உள்ளன. இவற்றைப் பிளக்கும் நொதி மனிதரின் சிறுகுடலில் இல்லை. ஆகையால் இவை செரியாமலே பெருங்குடலை அடைந்து, ஆங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. அப்பொழுது வாயு எழுகிறது. கூடவே பியூட்டிரிக் அமிலம் முதலியனவும் உண்டாகின்றன. பெருங்குடலின் உட்சுவர் தனக்கு வேண்டும் ஆற்றலிற் பெரும்பகுதியை இவ்வமிலத்திலிருந்தே பெறுகிறது. நன்மை தரும் நுண்ணுயிர்களை இவ்வாறு வளர்க்கும் உணவுப் பொருளுக்குக் கிப்சன், ராபர்ஃபிராய்டு என்னும் அறிஞர் இருவர் 1995-ஆம் ஆண்டில் 'பிரிபயாட்டிக்' எனப் பெயரிட்டனர்.

நார்ச்சத்து யாவும் இவ்வகையினதன்று. தவிட்டு நாரிற் பெரும்பகுதி மலத்தைப் பெருக்கி எளிதிற் கழியச் செய்யும், அவ்வளவே. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நெசவாளர் அதனையும் அற்பமென எண்ணார்!

பல்லடம், தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் விளையும் சின்ன வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்னும் பிரிபயாட்டிக் நார் உள்ளது. வடித்து ஆறிய சோற்றிலோ மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, எளிதிற் செரியாத தன்மை அடைந்து, அதுவும் பெருங்குடலுக்குச் செல்கிறது. ஆகவே பழைய சோறும் சின்ன வெங்காயமும் ஏழ்மையின் அடையாளமென வெட்கப்பட வேண்டியதில்லை.

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. தீட்டிய அரிசியை மட்டும் நம்பி இதனை எட்டுதல் அரிது. ஆனால் பண்டகசாலைகளின் இருப்பேட்டைப் புரட்டினால் பக்கந்தோறும் தீட்டிய அரிசியே காண்கிறேன். கொள்ளு, கம்பு, சோளம் ஆகியவற்றை அங்கத்தினரான விவசாயிகளிடமே கொள்முதல் செய்து, அங்கத்தினரான நெசவாளர்க்கு விற்றல் ஆகாத காரியமா? அடுத்த மகாசபையில் எவரேனும் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

கொள்ளைப் புதிதாக உண்போர் சிறுகச் சிறுகக் கூட்டுக. நீரும் மிகுதியாகப் பருகுக. ஊறவைத்த நீரை இறுத்துவிட்டால் வாயு குறையும். மேற்சொன்ன சர்க்கரைகளும் ஓரளவு குறையும். வெங்காயம் உண்டதும் வயிற்றுவலி காண்போர் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. நீரிழிவுடையோர் கம்பங்கூழாயினும் அளவறிந்தே அருந்துதல் வேண்டும். கம்பும் மாவுப் பொருளே.