நகரும் பொருள்களின் மீது காற்றின் விளைவு

நகரும் பொருளின் மீது காற்று ஏற்படுத்தும் விளைவு, காற்றின் வேகத்தை மட்டுமன்றி அதன் திசையையும் பொறுத்தது. ஒரே காற்று ஒருவருக்கு எதிர்காற்றாகவும், எதிரே வருபவருக்குப் பின்காற்றாகவும், குறுக்கே செல்பவருக்குப் பக்கக்காற்றாகவும் அமையும். மிதிவண்டி முதல் விமானம் வரை எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

காற்றின் திசை

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையே அதன் பெயர். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவது மேல்காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வேகத்தோடு திசையையும் சேர்த்துச் சொல்லும்போது அது திசைவேகம் எனப்படும். இரண்டு திசைவேகங்களை வெறும் எண்களைப் போலக் கூட்ட முடியாது. அம்புக்குறிகளாக வரைந்து கூட்ட வேண்டும்.

மிதிவண்டியில் ஒரு கணக்கு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும். ஒரு மாணவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிவண்டி ஓட்டுகிறார், காற்றும் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று கொள்வோம்.

மேற்கு நோக்கிச் சென்றால் அவர் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 15 + 15 = 30 கி.மீ. இதுவே சார்பு வேகம். காற்றின் தடை, சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். கிழக்கு நோக்கித் திரும்பினால் சார்பு வேகம் 15 – 15 = 0. அப்போது காற்றின் தடையே இராது.

வடக்கு நோக்கிச் சென்றால் காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. சார்பு வேகம் 15² + 15² என்பதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 21 கி.மீ. அது சாய்வாக முன்னிருந்து வருவதால், பயணத்தைத் தடுக்கும் பகுதி காற்றில்லாத நாளைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்கும். பக்கக்காற்று நம்மைச் சாய்ப்பதோடு நிற்பதில்லை, வேகத்தையும் குறைக்கிறது.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாமா?

முழுவதும் பெற முடியாது. 1600 கி.மீ. தொலைவை மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம், காற்றில்லாத நாளில் போய்வர 4 மணி நேரம் எடுக்கும். மணிக்கு 80 கி.மீ. காற்று இருந்தால் எதிர்த்துச் செல்ல 133 நிமிடமும், திரும்பி வர 109 நிமிடமும் ஆகும். மொத்தம் 242 நிமிடம். குறைந்த வேகத்தில் பயணம் செய்யும் நேரம் அதிகமாக இருப்பதே இதற்குக் காரணம்.

ஓடுபாதையும் காற்றும்

விமானத்தை மேலே தூக்குவது தரையின் மீது அது ஓடும் வேகமன்று. இறக்கைகளைக் கடந்து செல்லும் காற்றின் வேகமே. ஒரு விமானம் எழும்ப மணிக்கு 250 கி.மீ. காற்றோட்டம் தேவை என்று கொள்வோம். 30 கி.மீ. எதிர்காற்று இருந்தால் தரையில் 220 கி.மீ. வேகம் போதும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 280 கி.மீ. வேகம் வேண்டும். முடுக்கம் மாறாது எனக் கொண்டால், ஓட வேண்டிய நீளம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே பின்காற்றில் எழும்ப, எதிர்காற்றில் தேவைப்படுவதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு நீளம் வேண்டும். விமானங்கள் கூடியவரை எதிர்காற்றில் எழுவதும் இறங்குவதும் இதனால்தான்.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும், மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். இவை 70 பாகை, 250 பாகை என்னும் திசைகளின் சுருக்கம். வடகிழக்குக் காற்று வீசும்போது 07 முனையிலிருந்தும், மேல்காற்று வீசும்போது 25 முனையிலிருந்தும் விமானம் ஓடினால் எதிர்காற்று கிடைக்கும்.

பக்கக்காற்று

காற்று ஓடுபாதைக்குச் சாய்வாக வீசினால் அதை இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. காற்று 30 பாகை சாய்வில் வந்தால், எதிர்காற்றுக் கூறு ஏறத்தாழ 52 கி.மீ., பக்கக்காற்றுக் கூறு 30 கி.மீ. பக்கக்காற்று இருக்கும்போது விமானி, விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றே திருப்பி வைத்து இறங்குவார். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் வரும் விமானத்துக்கு 40 கி.மீ. பக்கக்காற்று இருந்தால், ஏறத்தாழ 10 பாகை திருப்ப வேண்டும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் மூக்கை மீண்டும் ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும்.

காற்று சீராக இருந்தால் இது பழகிய வேலை. திடீர் வீச்சுகளே ஆபத்தானவை. 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்க இருந்த நாளில், சென்னையில் இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் ஓடுபாதையின் மேல் தள்ளாடியது. விமானி இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே எழுப்பினார். பார்த்தவர்களுக்கு அது அச்சமாக இருந்திருக்கும். ஆனால் இறங்காமல் மேலெழுவது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாதுகாப்பு முறையே. அன்று புயல் காரணமாக விமான நிலையமும் மூடப்பட்டது.

பாலத்தின் மேல் இரயில்

மணிக்கு 60 கி.மீ. காற்று, நேர் எதிரே உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். 120 கி.மீ. வேகத்தில் அது 68 கிலோவாகிறது. இரயில் பெட்டியின் பக்கச் சுவர் மிகப் பெரிய பரப்பு என்பதால் மொத்த விசை சில டன்களை எட்டும். மறைப்பில்லாத கடலின் மேல் செல்லும் பாம்பன் பாலத்தில் காற்றுவேகமானி வைத்து, வேகம் வரம்பைத் தாண்டினால் இரயிலை நிறுத்தி வைப்பது இதனால்தான்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

இரு சக்கர வாகனத்தில் லாரியை முந்தும்போது, லாரி சிறிது நேரம் பக்கக்காற்றை மறைக்கும். அதைக் கடந்தவுடன் காற்று ஒரேயடியாகத் தள்ளும். மேம்பாலத்தின் மேலும், கட்டட வரிசை முடியும் இடத்திலும், ஏரிக்கரையிலும் இதுவே நிகழும். அத்தகைய இடங்களில் வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, பக்கத்தில் போதிய இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். குடை பிடித்துக்கொண்டோ, அகலமான அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டோ ஓட்டினால் காற்று மோதும் பரப்பு கூடும். தள்ளும் விசையும் அதே அளவில் கூடும்.